கொரோனா வார்டில் ஜன்னி கண்டவர்கள்

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 30 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று பதிவான வாரம். காவிரி டெல்டாவில் ஒரு மருத்துவமனையின் கொரோனா வார்டில் என் பெரியப்பா ஐந்தாவது நாளாகப் படுத்திருந்தார். வயது 71, சர்க்கரை உண்டு. காலையில் போனில் தெளிவாகத்தான் பேசினார். சாயங்காலம் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, போர்வையின் மூலைகளை மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார். "தார்ப்பாய இழுத்துப் போடுங்கடா, மழை வருது. ஈரப்பதம் பதினேழத் தாண்டிட்டா எடுக்க மாட்டான்" என்று பக்கத்துக் கட்டில்காரரை அதட்டியிருக்கிறார்.

அவர் இருந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில். அவர் கணக்கில் அப்படித்தான். மூட்டைகளைக் காவல் காத்துக்கொண்டு இரவெல்லாம் களத்தில் கிடந்து பழகிய மனுஷன்.

அன்று இரவு இரண்டு மணிக்கட்டையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். எங்களுக்கு வந்த தகவல் ஒரு வரி: "உங்க பேஷண்ட் கோஆபரேட் பண்ண மாட்டேங்கிறார்." வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பயம் என்றார் சித்தப்பா. ஊசி புத்தியைக் கலக்கிவிட்டது என்றான் தம்பி. பெரியம்மா மட்டும் ஒரே சொல்லில் முடித்தார்: "ஜன்னி கண்டுடுச்சு."

கொரோனா வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் மூளைக்கும் நரம்புக்கும் என்ன நேர்ந்தது என்று உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைப் பிறகு படித்தபோது, அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வாதம், வலிப்பு, மூளைக்காய்ச்சல் என்று நாம் பயந்ததெல்லாம் நடந்தது உண்மை. ஆனால் ஆபத்தான சிக்கல்களில் மிக அதிகமாக நடந்தது பெரியம்மா சொன்னதுதான். டாக்டர்கள் அதை டெலிரியம் என்றோ என்செபலோபதி என்றோ எழுதுவார்கள். காய்ச்சலின் உச்சத்தில் ஆள் தன்னிலை இழந்து பிதற்றுவதற்கு நம் ஊரில் ஜன்னி என்று பெயர். சந்நிபாதம் என்ற பழைய மருத்துவச் சொல்லின் பேச்சு வடிவம் அது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டுப்போவது என்று பொருள். பழையவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்கிற வாட்ஸ்அப் பெருமைக்கு நான் வரவில்லை. வலிப்பையும், பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சலையும், டைஃபாய்டு பிதற்றலையும் அதே சொல்லில்தான் போட்டுக் குழப்பினார்கள். ஆனாலும் பல கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து மூளையைத் தடுமாற வைக்கின்றன என்ற அந்த எண்ணம், கொரோனா வார்டில் நடந்ததற்கு ஆச்சரியமாகப் பொருந்துகிறது.

முதலில் எண்கள். இதில் நிறையப் பேர் குழம்பினார்கள். வூஹானில் 2020 தொடக்கத்தில் சேர்ந்த 214 நோயாளிகளில் 36 சதவீதம் பேருக்கு நரம்பு சார்ந்த அறிகுறி இருந்தது என்று முதல் பெரிய ஆய்வு சொன்னது. சிகாகோவில் 509 பேரைப் பார்த்தவர்கள் 82 சதவீதம் என்றார்கள். நியூயார்க்கில் 4,491 பேரைப் பார்த்த குழு 13.5 சதவீதம் என்றது. மூன்றில் எது சரி? மூன்றும் சரிதான், எதை எண்ணினார்கள் என்பதில்தான் வித்தியாசம். சிகாகோ கணக்கில் உடம்புவலி, தலைவலி, தலைச்சுற்றல், வாசனை தெரியாமை எல்லாம் சேர்த்தி. நியூயார்க் கணக்கில் பக்கவாதம், வலிப்பு, மூளைச் செயல் குழப்பம் போல நரம்பியல் மருத்துவர்கள் உறுதிசெய்த புதிய கோளாறுகள் மட்டும். கொள்முதல் நிலையத்தில் தூற்றும் முன் ஒரு எடை, தூற்றிய பின் ஒரு எடை. அவ்வளவுதான்.

தூற்றியபின் நிற்பதைப் பார்ப்போம். சிகாகோவில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த மூளைக் குழப்பம் வந்தது. அவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 21.7 சதவீதம். குழப்பம் வராதவர்களில் 3.2 சதவீதம். இவ்வளவு இடைவெளிக்கும் குழப்பம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயதும், மற்ற நோய்களும், நுரையீரல் கெட்ட அளவும் அதில் கலந்திருக்கின்றன. ஆனால் வார்டில் நூறு பேர் படுத்திருக்கும்போது யார் பக்கம் முதலில் ஓட வேண்டும் என்று கேட்டால், இதைவிட மலிவான ஒரு சோதனை கிடையாது: யார் பிதற்றுகிறார் என்று பார்ப்பது. எங்கள் வார்டில் அதை அடங்காத்தனமாக எடுத்துக்கொண்டார்கள். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஒரு சிஸ்டர், அறுபது கட்டில், பிளாஸ்டிக் உடைக்குள் வியர்த்து வடிந்துகொண்டு நின்றார் என்பதும் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 817 கொரோனா நோயாளிகளைப் பார்த்ததில், 28 சதவீதம் பேர் வரும்போதே குழப்ப நிலையில் இருந்தார்கள். அந்தக் குழம்பியவர்களில் 37 சதவீதம் பேருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்ற வழக்கமான அறிகுறி எதுவும் இல்லை. நம் ஊரில் இது எப்படித் தெரிந்திருக்கும்? "பாட்டி நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு, கொல்லைப்பக்கம் போற வழி தெரியல." வயசாகிவிட்டது என்று விட்டிருப்பார்கள். காய்ச்சல் மானி மட்டும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர்களிடமும் அந்தப் பாட்டி தப்பியிருப்பார்.

சரி, வைரஸ் மூளைக்குள் புகுந்துவிடுகிறதா? 2020-இல் எல்லோருக்கும் இருந்த பயம் இதுதான். வாசனை போனதும் "மூக்கு வழியா நேரா மூளைக்குப் போயிடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ-2 என்ற கதவு, வாசனையை உணரும் நரம்புச் செல்களில் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் பக்கத்துச் செல்களில்தான் இருக்கிறது என்று அந்த ஆண்டு ஜூலையில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரும்பாலானோருக்கு வாசனை சில வாரங்களில் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெர்மனியின் ஹாம்பர்க் பகுதியில் இறந்த 43 பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். வைரஸ் இருக்கிறதா என்று சோதித்த 40 பேரில் 21 பேரிடம் அதன் தடயம் கிடைத்தது. ஆனால் தடயம் இருந்தவர்களின் மூளை மற்றவர்களுடையதைவிட அதிகம் கெட்டிருக்கவில்லை. அபூர்வமாக மூளை அழற்சி வந்தவர்கள் உண்டுதான். பொதுவாகப் பார்த்தால், மூளை கெட்டது வைரஸ் அங்கே போய்க் குடியேறியதால் அல்ல. உடம்பின் மற்ற இடங்களில் நடந்த சண்டையின் சேதம் மூளையில் போய் விடிந்தது.

சேதத்தில் முதலாவது ஆக்சிஜன். இதை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். மேட்டூரில் தண்ணீர் குறைத்துத் திறந்தால் முதலில் காய்வது தலைமடை அல்ல. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைதான் முதலில் வெடிக்கும். மூளையிலும் கடைமடை உண்டு. இரண்டு பெரிய ரத்தக்குழாய்களின் பாசனம் சந்திக்கும் எல்லையில், இரண்டின் கடைசி வாய்க்காலையும் நம்பி இருக்கும் பகுதிகள் அவை. மருத்துவப் புத்தகங்களிலேயே இவற்றுக்கு ஆற்றுப் படுகைகளின் எல்லை என்று பொருள்படும் பெயர்தான். ரத்த அழுத்தம் விழும்போதும், ரத்தத்தில் ஆக்சிஜன் நெடுநேரம் குறைந்திருக்கும்போதும் இந்த இடங்கள் முதலில் வாடும். கொரோனாவின் விசேஷத் தொல்லை, ஆக்சிஜன் எண்பதுக்குக் கீழே போனாலும் சிலர் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டிருந்தது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சொல்லும் வரை யாருக்கும் தெரியாது. அப்போது பேச்சில் தெரியும் சின்னத் தடுமாற்றம், ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது, இதெல்லாம்தான் ஒரே துப்பு.

இரண்டாவது, உடம்பின் சொந்தப் பட்டாளம் கட்டுமீறிப் போவது. தொற்றை எதிர்க்கச் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் வெள்ளமாக ஓடும்போது, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு கசியத் தொடங்குகிறது. இதைத் தணிக்கத்தான் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்தால் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. உயிர் காத்த மருந்து. அதே மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், சிலருக்குப் புத்தியையும் கலக்கும். தம்பி சொன்னது முழுத் தப்பு இல்லை.

இதோடு சோடியம் குறைவு, சர்க்கரையின் ஏற்ற இறக்கம், சிறுநீரகம் சோர்ந்து கழிவு தேங்குவது, காய்ச்சலில் தண்ணீர் வற்றுவது. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண விஷயங்கள். ஒருவருக்கே நான்கும் வந்தால் ஜன்னிதான். பெரியப்பாவுக்கு அன்று சோடியம் 122 இருந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பிறகு பார்த்தேன். சாதாரணமாக 135-க்கு மேல் இருக்க வேண்டும். கையைக் கட்டிய இரவே அதைச் சரிசெய்யத் தொடங்கினார்களா, மறுநாளா என்று சீட்டில் இல்லை.

மூன்றாவது, ரத்தம் உறைவது. இரண்டாம் அலையில், ரத்தம் உறைவதைக் காட்டும் சோதனையான டி-டைமர் என்ற சொல் கும்பகோணம் டீக்கடை வரை வந்துவிட்டது. ரத்தக்குழாயின் உட்சுவர் வீங்கி, உறையும் தன்மை கூடி, அங்கங்கே கட்டிகள் உருவாயின. வெங்காயத்தாமரை அடைத்த வாய்க்கால் மாதிரி, அடைபட்ட இடத்துக்கு அப்பால் எல்லாம் வறட்சி. நுரையீரலில் அடைத்தால் மூச்சு போகும், மூளையில் அடைத்தால் பக்கவாதம். நியூயார்க்கின் இரண்டு மருத்துவமனைகளில் கொரோனாவுக்காக வந்த 1,916 பேரில் 1.6 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. முந்தைய ஆண்டுகளில் ஃபுளூ காய்ச்சலோடு வந்தவர்களில் அது 0.2 சதவீதம்தான். நூறில் ஒன்றிரண்டு என்பது சின்ன எண்தான், ஆனால் வெறும் சளிக்காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த ஒப்பீடு போதும். ஐம்பது வயதைத் தாண்டாதவர்களுக்கும் பெரிய குழாய்கள் அடைத்ததாக அதே நகரிலிருந்து செய்தி வந்தது.

பக்கவாதத்தில் நேரம்தான் எல்லாம். கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட வேண்டும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சாதாரண நாளிலேயே முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும். கொரோனா நாளில் இன்னும் மோசம். வாய் கோணுவதுதான் எல்லோரும் அறிந்த அடையாளம். மாஸ்க்குக்குள் வாய் எங்கே தெரிகிறது? மயக்க மருந்தில் வென்டிலேட்டரில் கிடப்பவரின் இடது கை விளங்கவில்லை என்பது மருந்தை நிறுத்தி அவர் விழிக்கும் நாளில்தான் தெரியும். அதற்குள் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

கருப்புப் பூஞ்சையை இங்கே சொல்லாமல் விட முடியாது, மற்ற நாடுகளைவிட நம் நாட்டை அதிகம் அடித்த சிக்கல் அது. மண்ணிலும் அழுகும் தழையிலும் எப்போதும் இருக்கும் பூஞ்சைதான். கட்டுப்படாத சர்க்கரை, அதன்மேல் தேவைக்கு அதிகமான ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்தால் அது மூக்கில் முளைத்து, கண்குழி வழியாக மூளைக்கு ஏறும். ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, கண் பிதுங்குவது, மூக்கில் கறுப்பாக வருவது என்று அறிகுறிகள் சில நாட்களிலேயே மாறும். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு இதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசிக்காக ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டால் பயனில்லை என்று அதே ரெக்கவரி ஆய்வு ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருந்தது. ஆனால் காய்ச்சல் வந்த முதல் நாளே மெடிக்கலில் "ஒரு செட்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

இனி நான் சொல்ல வந்த இடம். ஜன்னிக்கு ஆக்சிஜன், சோடியம், அழற்சி எல்லாம் காரணம் என்றேன். இன்னொன்று, நாம் வார்டை நடத்திய விதம். 14 நாடுகளின் 69 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 2,088 கொரோனா நோயாளிகளைப் பற்றி 2021 ஜனவரியில் ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேருக்கு டெலிரியம். மிடாசோலம் வகை மயக்க மருந்து ஓட்டியவர்களுக்கு அந்த ஆபத்து 59 சதவீதம் கூடியது. குடும்பத்தார் நேரிலோ வீடியோவிலோ வந்து பார்த்தவர்களுக்கு 27 சதவீதம் குறைந்தது. ஒரு மாத்திரை இப்படி 27 சதவீதம் குறைத்திருந்தால் அதை வாங்க வரிசையில் நின்றிருப்போம். வீட்டு மனுஷர் முகம் என்பதால் அது மருந்துப் பட்டியலில் இல்லை. பார்க்க வந்தவர்களின் நோயாளிகள் கொஞ்சம் தேறியவர்களாக இருந்திருக்கலாம் என்று ஒரு ஆட்சேபம் வைக்கலாம். வைத்தாலும், கொரோனாவுக்கு முன்பே முதியோர் மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுவேதான்.

பெரியப்பாவின் கண்ணாடி, பல்செட், காதுக் கருவி மூன்றும் ஒரு மஞ்சப்பையில் வார்டு வாசலில், பெயர் எழுதிய சீட்டோடு தொங்கிக்கொண்டிருந்தன. தொற்று பரவும் என்று உள்ளே விடவில்லை. யோசித்துப் பாருங்கள். கண் சரியாகத் தெரியாது, காது கேட்காது, ராத்திரி பகல் தெரியாமல் விளக்கு எரிகிறது, தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்ட உருவங்கள் வந்து வந்து போகின்றன, கை கட்டப்பட்டிருக்கிறது. நல்ல மூளையே குழம்பும்.

ஏழாம் நாள் ஒரு இளம் டாக்டரிடம் அழுது கேட்டபின், பையைக் கிருமிநாசினியில் துடைத்து உள்ளே கொண்டுபோனார். கண்ணாடியை மாட்டி, காதில் கருவியை வைத்து, தன் போனை உறைக்குள் போட்டு முகத்துக்கு எதிரே பிடித்தார். "பெரியப்பா, நான்தான். இது ஆஸ்பத்திரி. உங்களுக்குக் கொரோனா. இன்னிக்கு வைகாசி ரெண்டு" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பியா? ஏண்டா இளைச்சுட்ட?" என்றார். உடனே தெளிந்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சோடியமும் அதற்குள் ஏறியிருந்தது. சாயங்காலமானால் மறுபடி தார்ப்பாய்தான். ஆனால் அன்றோடு கைக்கட்டு அவிழ்ந்தது.

ஜன்னி எப்போதும் இப்படிச் சத்தம் போடாது. பல நேரம் அமைதியான வகை. எந்நேரமும் தூங்கி வழிவார், கேட்டதற்கு ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்வார், சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தாத்தா சமத்தாப் படுத்திருக்கார்" என்று சிஸ்டரும் சொல்வார், நாமும் நிம்மதியாக இருப்போம். ஆபத்து இதில்தான் அதிகம், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு சின்னச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். பங்குனியிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்லச் சொல்லுங்கள்: பங்குனி, மாசி, தை. நேற்று வரை பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னவர் இன்று மார்கழியோடு நின்று ஜன்னலைப் பார்த்தால், ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம் மூன்றையும் அன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கொரோனாவுக்கு மட்டும் இல்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், வயதானவர்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கை கால் நரம்புகளின் கதை தனி. கில்லன் பாரே என்ற, காலில் தொடங்கி மேலே ஏறும் தளர்ச்சி சிலருக்கு வந்தது. அதைவிட அதிகம், வாரக்கணக்கில் ஐ.சி.யூ.வில் கிடந்தவர்களுக்குத் தசையும் நரம்பும் சேர்ந்து நலிந்தது. ஆக்சிஜனுக்காகக் குப்புறப் படுக்கவைத்ததில் தோள் நரம்பு அழுந்திக் கை தூக்க முடியாமல் போனவர்களும் உண்டு.

வீடு திரும்பியதோடு முடியவில்லை என்பதற்கு, பெரும்பாலும் அமெரிக்கர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. கொரோனா வந்த 2 லட்சத்து 36 ஆயிரம் பேரில் மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு நரம்பியல் அல்லது மனநலக் கோளாறு பதிவானது. பாதிக்கு மேல் பதற்றம், மனச்சோர்வு வகைதான், அதனால் எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம். ஐ.சி.யூ.வில் இருந்தவர்களில் அது 46 சதவீதம். நோயின்போது ஜன்னி கண்டவர்களில் 62 சதவீதம்.

பெரியப்பா அந்த 62-இல் ஒருவர். மேட்டூர் அணை அந்த ஆண்டும் ஜூன் 12 அன்று திறந்தார்கள். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று அவர் கம்பு ஊன்றிக் கரைவரை வந்தார். குறுவைக்கு விதை எத்தனை கிலோ, உழவுக்கு எவ்வளவு என்று நாற்பது வருஷமாக மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டவர், அன்று கிலோவைப் பணத்தால் பெருக்க மூன்று முறை முயன்று என்னிடம் தாளை நீட்டிவிட்டார். பிறகு பெரிய சந்தேகத்தோடு ஒரு கேள்வி கேட்டார். கொள்முதல் நிலையத்தில் தான் காவல் இருந்த அந்த ராத்திரி, பக்கத்தில் அடுக்கியிருந்ததில் இரண்டு மூட்டையை மட்டும் எடைகூடப் போடாமல் தார்ப்பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்களே, அது யாருடையது என்றார்.

அந்த இரவு அவருடைய வரிசையில் இரண்டு கட்டில்கள் காலியாகியிருந்தன.